டிகிரி முடிச்சாச்சு, அடுத்து தோண்டலாமா? - தட்சசீலம் 1944

1913-ஆம் வருஷம் லண்டனில் ஒரு பையன் வேலை தேடிக்கொண்டிருந்தான். வயசு இருபத்திரண்டு. யூனிவர்சிட்டி காலேஜில் கிரேக்கமும் லத்தீனும் படித்து 1910-ல் பி.ஏ., 1912-ல் எம்.ஏ. இரண்டையும் முடித்தாகிவிட்டது. நடுவில் ஓவியராகிவிடலாம் என்று ஸ்லேடு ஓவியப் பள்ளிக்கும் போய்ப் பார்த்தான். நமக்கு இதெல்லாம் சுமாராத்தான் வரும் என்று தெரிந்ததும் மரியாதையாக விலகிக்கொண்டான். வயிற்றுப்பாட்டுக்குக் கல்லூரித் தலைவரிடம் செக்ரட்டரி உத்தியோகம். மனசு பூராவும் தொல்லியல்.

பிரச்சினை என்னவென்றால், அன்றைக்கு இங்கிலாந்தில் தொல்லியலுக்கென்று சம்பள வேலை அநேகமாகக் கிடையாது. சொத்துள்ளவர்கள் சொந்தக் காசில் தோண்டினார்கள். வேறு உத்தியோகத்தில் இருந்தவர்கள் லீவு நாளில் தோண்டினார்கள். மாதச் சம்பளத்துக்கு இதைச் செய்யலாம் என்பதே கொஞ்சம் கிறுக்குத்தனமான யோசனை. "ஹிஸ்டரி படிச்சுட்டு சோத்துக்கு என்னடா பண்ணுவ?" என்கிற கேள்விக்கு ஏதோ நம்ம ஊர் அப்பாக்கள்தான் காப்பிரைட் வைத்திருக்கிறார்கள் என்று இனிமேல் நினைக்காதீர்கள் மக்களே :)

அந்தப் பையன் பெயர் மார்ட்டிமர் வீலர். ஹரப்பா, அரிக்கமேடு என்று எங்கே படித்தாலும் இந்தப் பெயர் வந்து விழும். அவர் என்ன கண்டுபிடித்தார் என்று நிறைய பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது வேற மேட்டர். படிப்பு முடித்த ஒரு ஆள் இந்தத் துறைக்குள் நுழைவது எப்படி? முப்பத்தொரு வருஷம் கழித்து அதே ஆள் நம்ம நாட்டில் மற்றவர்களுக்கு எப்படிக் கதவைத் திறந்தார்?

இரண்டாவது ஐம்பது பவுண்டு

லண்டன் பல்கலைக்கழகமும் தொல்பொருள் ஆர்வலர்களின் பழைய சங்கமான சொசைட்டி ஆஃப் ஆன்டிகுவரீஸும் சேர்ந்து, ஃப்ராங்க்ஸ் என்கிற அறிஞரின் நினைவாக ஒரு உதவித்தொகையை ஏற்படுத்தியிருந்தன. வருஷத்துக்கு 50 பவுண்டு. 1913-ல் அது வீலருக்குக் கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 பவுண்டை 52 வாரத்தால் வகுத்தால் வாரத்துக்கு ஒரு பவுண்டுகூட வராது. அதை வைத்துக்கொண்டு ஜெர்மனியில் ரைன் நதிக்கரை மியூசியங்களில் இருக்கும் ரோமானியப் பானைகளை ஆராய வேண்டும். சாப்பிடவும் வேண்டும்.

அப்போது ஆர்தர் எவன்ஸ் ஒரு காரியம் செய்தார். 1900-லிருந்து கிரீட் தீவில் க்னோசாஸ் அரண்மனையைத் தோண்டிக்கொண்டிருந்த அதே எவன்ஸ்தான். அப்பா நடத்திய காகித ஆலையால் குடும்பத்தில் வசதிக்குக் குறைவில்லை. இந்தத் தொகை பத்தாது என்று சொல்லி, தன் கையிலிருந்து இன்னொரு 50 பவுண்டைச் சேர்த்து நூறாக ஆக்கிவிட்டார்.

இதில் வேடிக்கை, அந்த ரைன் நதிப் பானை ஆராய்ச்சி கடைசிவரை அச்சேறவே இல்லை. முதலீடு வீண் என்று எந்த மேனேஜரும் ரிப்போர்ட் எழுதியிருப்பார். ஆனால் ஆள் துறைக்குள் வந்துவிட்டார். அதே வருஷம் வரலாற்றுச் சின்னங்களைக் கணக்கெடுக்கும் ராயல் கமிஷனில் ஜூனியர் வேலை கிடைத்தது. 1714-க்கு முந்தைய கட்டடங்களை ஊர் ஊராகப் போய்ப் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டும். எசெக்ஸ் மாவட்டத்தில் பழைய வீடுகளைச் சுற்றிவந்தபடிதான் அவர் தொழில் வாழ்க்கை தொடங்கியது.

அடுத்த வருஷமே முதல் உலகப்போர். ராக்ஸ்டர் என்ற ரோமானிய ஊரில் அவரோடு சேர்ந்து தோண்டிய மாணவர்கள் ஐந்து பேர். போர் முடிந்தபோது உயிரோடு இருந்தது வீலர் ஒருத்தர்தான். இதை அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஒரு துறையின் அடுத்த தலைமுறையே மண்ணுக்குள் போய்விட்டது. ஆள் இல்லாமல் துறை இல்லை, ஆளை உருவாக்கத்தான் வேண்டும் என்கிற வெறி அந்த மனுஷனுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு இதைப் படித்தபோதுதான் விளங்கியது.

கூடவே தோண்டிய டெஸ்ஸா

1920-ல் வேல்ஸ் தேசிய மியூசியத்தில் வேலை, 1924-ல் அங்கேயே இயக்குநர், 1926-ல் லண்டன் மியூசியம். நடுவில் வரிசையாக அகழாய்வுகள். ஒவ்வொரு அகழாய்வையும் ஒரு பள்ளிக்கூடம் மாதிரி நடத்தினார். இந்த இடத்தில் அவர் மனைவி டெஸ்ஸாவைச் சொல்லாமல் விட்டால் அது அநியாயம். 1930 முதல் 1933 வரை வெருலேமியம் என்ற ரோமானிய ஊரில் நடந்த அகழாய்வில், புதுசாக வந்த பிள்ளைகளைப் பழக்கியதில் பெரிய பங்கு டெஸ்ஸாவுடையது. ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு முடித்துவிட்டு வந்த கேத்லீன் கென்யன் அங்கே கற்றுக்கொண்டவர்தான். பிற்பாடு ஜெரிக்கோவைத் தோண்டி உலகப்புகழ் பெற்றார். இன்றைக்கும் அந்த அகழாய்வு முறைக்கு 'வீலர்-கென்யன் முறை' என்றுதான் பெயர்.

பல்கலைக்கழகத்திலேயே இதற்கென்று ஒரு நிறுவனம் வேண்டும் என்று கணவன் மனைவி இருவரும் வருஷக்கணக்கில் அலைந்தார்கள். லண்டனில் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஆர்க்கியாலஜி 1937-ல் முறையாகத் திறக்கப்பட்டது. அதைப் பார்க்க டெஸ்ஸா இல்லை. 1936-லேயே இறந்துவிட்டார்.

பானையும் லாக் ஃபைலும்

அப்படி என்னதான் சொல்லிக்கொடுத்தார்கள்? நம்ம பாஷையில் சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரு மேட்டைத் தோண்டுகிறீர்கள். மேலே இருப்பது புதுசு, கீழே இருப்பது பழசு. இது குழந்தைக்கும் தெரியும். அதனால் 'இந்தப் பானை பத்தடி ஆழத்தில் கிடைத்தது, அந்த மணியும் பத்தடியில் கிடைத்தது, ஆகவே இரண்டும் ஒரே காலம்' என்று எழுதினால் என்ன தப்பு? முழுக்கத் தப்பு. ஏனென்றால் மனுஷன் சும்மா இருக்க மாட்டான். பிற்காலத்தில் ஒருத்தன் குப்பை போட எட்டடிக் குழி வெட்டியிருப்பான். இன்னொருத்தன் உறைக்கிணறு இறக்கியிருப்பான். அந்தக் குழிக்குள் விழுந்த நேற்றைய சாமான், பக்கத்தில் இருக்கும் ஐந்நூறு வருஷத்துப் பழைய தரைக்கும் கீழே கிடக்கும். சமதளமாகத் தெருவும் கிடையாது, மேடு பள்ளம் எல்லாம் உண்டு.

லாக் ஃபைலில் நேரத்தைப் பார்க்காமல் வரி எண்ணை மட்டும் பார்த்து 'இதுக்கு அப்புறம்தான் அது நடந்தது' என்று முடிவு கட்டினால் என்ன ஆகும்? ஆறு த்ரெட் ஓடும் சர்வரில் அப்படி ஒரு பக்கைத் தேடிப் பாருங்கள், தெரியும் சேதி. மண்ணிலும் அப்படித்தான். அடியை அளந்தால் பத்தாது, அடுக்கைப் படிக்க வேண்டும். நிறம் எங்கே மாறுகிறது, சாம்பல் எங்கே வருகிறது, எந்தக் குழி எந்த அடுக்கை வெட்டிக்கொண்டு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். அதற்காகத்தான் சதுரம் சதுரமாகத் தோண்டி, நடுவில் வரப்பு மாதிரி மண்சுவரைத் தொடாமல் விட்டுவைப்பார்கள். கீழடிப் படங்களில் பார்த்திருப்பீர்களே, அதே சதுரங்கள். அந்தச் சுவர்தான் சாட்சி. தோண்டி முடித்தபிறகும் அடுக்குகளை அதில் படிக்கலாம், வரையலாம், சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்கலாம்.

இதைப் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது என்பதுதான் விஷயமே. ஈர மண்ணில் இரண்டு பழுப்பு நிறத்துக்கு இருக்கும் வித்தியாசத்தை, குழிக்குள் இறங்கி நிற்கும்போது பக்கத்தில் ஒருத்தர் நின்று காட்டினால்தான் உண்டு. எம்.ஏ.வில் தங்கப்பதக்கம் வாங்கியவரும் அங்கே முதல் நாள் ஃப்ரெஷர்தான்.

61 பேர்

இப்போது இந்தியாவுக்கு வருவோம். இங்கே தொல்லியல் துறை 1861-லேயே தொடங்கிவிட்டது. பெரிய பெரிய இடங்களைத் தோண்டியிருந்தார்கள். தட்சசீலத்தில் மட்டும் ஜான் மார்ஷல் 1913-லிருந்து இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தார். ஆனால் 1930-களின் கடைசியில் துறை தள்ளாடிக்கொண்டிருந்தது. இந்திய அரசு அழைத்ததின் பேரில் லியோனார்ட் வூல்லி வந்து பார்த்துவிட்டு 1939-ல் ஒரு அறிக்கை கொடுத்தார். துறையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டார். அதில் முக்கியமான குறை, முறையான களப்பயிற்சி பெற்ற ஆட்கள் இல்லை என்பது.

பட்டதாரிகள் இல்லாமலா போனார்கள்? சமஸ்கிருதத்தில் புலி, கல்வெட்டில் சிங்கம் எல்லாம் இருந்தார்கள். மண்ணடுக்கைப் படிக்க வரிசையாக ஆட்களைப் பழக்கும் இடம்தான் இல்லை. ஒன்றிரண்டு பேர் தாங்களாகவே வழி கண்டுபிடித்தார்கள். ஹெச்.டி. சங்காலியா லண்டனில் பிஹெச்.டி. செய்தபோது வீலரின் மெய்டன் காஸில் அகழாய்வுக்குப் போய்ப் பழகிவிட்டு வந்தார். 1939-ல் புனே டெக்கான் கல்லூரியில் சேர்ந்து அதைத் தொல்லியலுக்குப் பெயர்போன இடமாக மாற்றினார். ஆக, வெள்ளைக்காரர் வந்துதான் நமக்கு விளக்கேற்றினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் லண்டன் போய்ப் படிக்க எத்தனை பேரால் முடியும்?

1943-ல் வீலர் பிரிட்டிஷ் ராணுவத்தில் பிரிகேடியர். எல் அலமைன் போரைப் பார்த்தவர். இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைமை இயக்குநராக வர முடியுமா என்று போர்க்களத்தில் இருந்தவருக்கு ஆஃபர் வந்தது. 1944-ல் வந்து சேர்ந்தார். அவர் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியது. அதே வருஷ அக்டோபரில் தட்சசீலத்தில் ஆறு மாதப் பயிற்சி. இந்தியா பூராவிலிருந்தும் 61 பேர்.

கொஞ்சம் நிதானித்து அந்தக் காலத்தை யோசித்துப் பாருங்கள். உலகப்போர் இன்னும் முடியவில்லை. வங்காளத்துப் பஞ்சத்தின் காயம் ஆறவில்லை. காந்தி அந்த வருஷம் மே மாதம்தான் சிறையிலிருந்து வெளியே வந்திருக்கிறார். நாடு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் 61 பேர் ஒரு பழைய நகரத்தில் உட்கார்ந்து மண்ணுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். சிர்காப் என்ற பகுதியில் நிஜமாகவே அகழாய்வு நடந்தது. ஏ. கோஷ் அதன் அறிக்கையை எழுதினார்.

அந்த 61 பேரில் ஒருவர் பி.பி. லால். ஜான்சிக்காரர், அலகாபாத்தில் சமஸ்கிருத எம்.ஏ. நம்ம ஊரில் தமிழ் எம்.ஏ. முடித்த ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதே நிலைமை. 1948-ல், இருபத்தேழு வயதில், ஒடிசாவில் சிசுபால்கர் அகழாய்வை நடத்தினார். இருபது வருஷம் கழித்து வீலர் உட்கார்ந்த அதே நாற்காலிக்கே போனார். (அவருடைய பிற்காலக் கருத்துகளில் எனக்கு உடன்பாடு இல்லாதவை உண்டு, அது தனிக் கச்சேரி.) வீலர் வெளியே கரடுமுரடு, உள்ளே பிரியமானவர் என்று லால் பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். வீலரிடம் பழகிய இன்னொருவர் பி.கே. தாப்பர். அவரும் தலைமை இயக்குநர் ஆனார்.

மூன்றே வருஷத்தில் பிரிவினை வந்தது. தட்சசீலம் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. தொல்லியல் துறை இரண்டானது, பயிற்சி பெற்றவர்களும் இரண்டு நாடாகப் பிரிந்தார்கள். இடம் கைவிட்டுப் போனாலும் கற்றுக்கொண்டது போகவில்லை. அந்தந்த நாட்டில் அவரவர் சதுரம் போட்டுத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

எழும்பூர் அலமாரி

எங்க பக்கத்து ஊர்க் கதையைச் சொல்லாமல் எப்படி? நமக்குக் கடலூர். அரிக்கமேடு பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள்.

1944 ஜூலையில் வீலர் சென்னை எழும்பூர் மியூசியத்துக்கு வந்தார். ஒரு அலமாரிக்குள் கைவிட்டுத் துழாவியபோது உடைந்த ஜாடியின் கழுத்தும் நீளக் கைப்பிடியும் தட்டுப்பட்டது. மத்தியதரைக் கடல் பக்கம் மது ஊற்றி வைக்கும் ஆம்ஃபோரா. எங்கே கிடைத்தது என்று விசாரித்தால் பாண்டிச்சேரி பக்கம். உடனே கிளம்பிப் போனார். அப்போது அது பிரெஞ்சுக்காரர்கள் கையில். அங்கே நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அதே மாதிரி ரோமானியச் சாமான்கள் உட்கார்ந்திருந்தன. ஷூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் 1937-லேயே இந்த இடத்தின் முக்கியத்துவத்தை உணர்ந்துவிட்டார். ஃபோஷோ, சுர்லோ என்று இருவர் தோண்டியும் பார்த்திருந்தார்கள். பொருள் கண்ணெதிரே இருந்தது. அதை எந்த அடுக்கில் வைத்துப் படிப்பது என்பதுதான் பாக்கி.

1945-ல் அரிக்கமேட்டைத் தோண்டினார்கள். இத்தாலியில் செய்த அர்ரெடைன் பானைகளின் காலம் ஏற்கெனவே தெரியும். அவை எந்த அடுக்கில் கிடைக்கின்றனவோ, அதே அடுக்கில் கிடைக்கும் நம்ம பானைகளுக்கும் காலம் சொல்லிவிடலாம். தென்னிந்தியாவின் ஆரம்பகால வரலாற்றுக்கு ஆணி அடித்த மாதிரி ஒரு பிடி கிடைத்தது. 1946-ல் 'ஏன்ஷியன்ட் இந்தியா' இதழில் வந்த அறிக்கையில் கோஷ், கிருஷ்ண தேவா ஆகியோரின் பங்களிப்பும் உண்டு.

வீலர் சொன்னதெல்லாம் வேதவாக்கு இல்லை. அரிக்கமேட்டை அவர் ரோமானிய வணிகத் தலமாகவே பார்த்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மறுபடி தோண்டியபோது, ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே ஆட்கள் வாழ்ந்து தொழில் செய்துகொண்டிருந்தது உறுதியானது. மொகஞ்சதாரோவில் படையெடுப்பால் படுகொலை நடந்தது என்ற அவர் கதையை 1964-ல் ஜார்ஜ் டேல்ஸ் உடைத்துப் போட்டார். ஆனால் பாருங்கள், அரிக்கமேட்டில் அவரைத் திருத்த முடிந்ததே, முதலில் அடுக்கை ஒழுங்காகப் பதிந்து வைத்ததால்தான். கமென்ட் எழுதி வைத்த கோடு மாதிரி. லாஜிக் தப்பாக இருந்தாலும் அடுத்தவன் வந்து சரிபண்ணலாம்.

நமக்கு யார் தட்சசீலம்?

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது என் மனசில் ஓடியது என்னுடைய முதல் மூன்று மாதம். நான் படித்தது மெக்கானிக்கல். வேலைக்குச் சேரும்போது கோடு என்றால் நோட்டில் போடுவது என்கிற அளவில்தான் ஞானம். அப்படிப்பட்டவனை மூன்று மாதம் சம்பளம் கொடுத்து, ஏசி ரூமில் உட்காரவைத்து, மதியச் சாப்பாட்டுக்கு கூப்பனும் கொடுத்து ஆணி புடுங்கக் கற்றுக்கொடுத்தார்கள். 'உனக்கு ஏன் எதுவும் தெரியலை?' என்று யாரும் கேட்கவில்லை. தெரியாதவனைத் தெரிந்தவனாக்குவது கம்பெனியின் வேலை என்று அங்கே ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

வரலாறு, தொல்லியல், மியூசியம் பக்கம் போகிற பிள்ளைக்கு அந்தப் பேச்சே கிடையாது. அனுபவம் இருக்கா? இல்லையா, போய்ட்டு வா. அனுபவம் எங்கே கிடைக்கும்? வேலை பார்த்தால் கிடைக்கும். 61 பேருக்குக் கிடைத்தது இந்தச் சுழலிலிருந்து வெளியேற ஒரு வழி. அதனால்தான் அந்தப் பெயர்களில் சிலவற்றை நாம் இன்றைக்கும் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வேலையை விடாமலே செய்யலாமே என்று கேட்பீர்கள். ஐராவதம் மகாதேவன் செய்யவில்லையா? செய்தார். வேதியியலும் சட்டமும் படித்தவர், ஐ.ஏ.எஸ். அதிகாரி. குகை குகையாக ஏறித் தமிழ்-பிராமி கல்வெட்டுகளைப் படித்தார். சிந்துவெளிக் குறியீடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி 1977-ல் தொகுத்து வெளியிட்டார். நம்ம தொழிலுக்கே தாத்தா. அவர் எனக்குக் கடவுள் மாதிரி. ஆனால் அந்தக் கடவுளுக்கும் மாதச் சம்பளம் வந்தது, 1970-ல் நேரு பெயரிலான ஆய்வு உதவித்தொகையும் கிடைத்தது. எவன்ஸ் கொடுத்த 50 பவுண்டு எல்லாக் கதையிலும் வேறு வேறு வேஷத்தில் வருகிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு மத்தியத் தொல்லியல் துறை 1959-ல் மறுபடி ஒரு பள்ளியைத் தொடங்கியது. 1985-ல் அது இன்ஸ்டிட்யூட் ஆனது. இப்போது தீன்தயாள் உபாத்யாயா பெயரில் கிரேட்டர் நொய்டாவில் இருக்கிறது. இரண்டு வருஷ முதுகலை டிப்ளமோ. தட்சசீலத்தின் நேர் வாரிசு என்றுகூடச் சொல்லலாம். 2020 அக்டோபரில் அதற்கு வந்த அறிவிப்பு ஞாபகம் இருக்கிறதா? செம்மொழியில் எம்.ஏ. முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று சொல்லி, சமஸ்கிருதம், பாலி, பிராகிருதம், அரபி, பாரசீகம் என்று பட்டியல் போட்டிருந்தார்கள். தமிழ் இல்லை. சத்தம் போட்டபிறகு தமிழையும் மற்ற செம்மொழிகளையும் சேர்த்தார்கள். பலர் இதை மொழிப் பெருமைப் பிரச்சினையாகத்தான் பார்த்தோம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறு. அந்த ஒரு வரியால் திருத்துறைப்பூண்டியிலோ திருச்சுழியிலோ தமிழ் எம்.ஏ. முடித்த ஒரு பெண்ணுக்கு, ஃபாரத்தை நிரப்பும் முன்பே கதவு சாத்தியாகிவிட்டிருக்கும். 1944-ல் சமஸ்கிருத எம்.ஏ. வைத்திருந்த லாலுக்குத் திறந்த கதவு அது.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், எங்க வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாள். சித்தப்பா பெண். வரலாறு எம்.ஏ. இந்த வருஷம் முடித்தாள். போன மாசம் போன் பண்ணி, "அண்ணா, டிப்ளமோவுக்கு அப்ளை பண்ணட்டுமா? அப்பா குரூப் ஃபோருக்குப் படிங்கறாரு" என்றாள். சித்தப்பாவே போனை வாங்கிக்கொண்டார்.

"தம்பி, நீ படிச்சவன், நீயே சொல்லு. ரெண்டு வருஷம் வடக்க அனுப்பி மண்ணு தோண்டக் கத்துக்கிட்டு வந்து, அப்புறமும் கான்ட்ராக்ட்னு சொன்னா நான் என்ன பண்றது?"

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டிராக்டர் கடன் கட்டிக்கொண்டிருப்பவர் அவர். கீழடியில் 2014-ல் தோண்ட ஆரம்பித்தபிறகு தொல்லியல் என்ற வார்த்தை டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. 2023-ல் அங்கே மியூசியம் திறந்தபோது சித்தப்பாவே குடும்பத்தோடு வேன் வைத்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பெருமைக்கெல்லாம் அவரிடம் குறைவில்லை. பெருமையை நம்பி பெண்ணை எப்படி அனுப்புவது என்பதுதான் அவர் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அவரில்லை.

தங்கச்சியிடம் நான் சொன்னது இவ்வளவுதான். எங்கேயாவது அகழாய்வு நடந்தால் பத்து நாளாவது போய்க் குழிக்குள் நில். பானை ஓட்டை அளந்து வரையக் கற்றுக்கொள், அது தெரிந்த ஆள் குறைவு. கல்வெட்டுப் படிக்கப் பழகு. கம்ப்யூட்டரில் மேப் போடுவது, டேட்டாபேஸ் கட்டுவது எல்லாம் நான் ஞாயிற்றுக்கிழமையில் சொல்லித்தருகிறேன். கோடு போடத் தெரியாத என்னையே பழக்கிவிட்டார்கள், உன்னைப் பழக்க முடியாதா?

சித்தப்பாவிடம் தனியாக ஒன்று சொன்னேன். டிப்ளமோ கிடைத்தால், இரண்டு வருஷமும் அவள் செலவில் பாதியை நான் போடுகிறேன் என்று. என் சம்பளத்தில் அது முடியாத தொகை இல்லை. யோசிச்சுச் சொல்றேன் தம்பி என்றிருக்கிறார். இன்னும் சொல்லவில்லை. இவள் அதற்குள் எங்க அத்தை வீட்டுப் பழைய ஊறுகாய் ஜாடியை எடுத்து வைத்துக்கொண்டு, அடிஸ்கேலும் காம்பஸும் வைத்து குறுக்குவெட்டு வரைந்து வாட்ஸப்பில் அனுப்புகிறாள். மூன்றாவது படத்தில் கழுத்து ஓரளவுக்கு நேராக வந்திருந்தது.

டிஸ்கி: அரிக்கமேட்டுக்குப் போகிறவர்கள் வெயில் ஏறும் முன் போய்விடுங்கள். ஆற்றங்கரை, தென்னை, மாமரங்கள், பழைய மிஷன் கட்டடத்தின் இடிந்த சுவர்கள், அவ்வளவுதான் தெரியும். மிச்சமெல்லாம் காலுக்குக் கீழே.